துளி சேர்க்கவில்லை

பிப்ரவரி. ஏரியின்மேல் முழங்கை நீளத்துக்குப் பனிக்கட்டி.
தௌனோ துளைபோட்டு அளவியை இறக்கினான்.
ஆக்சிஜன்: பூஜ்ஜியம்.
ஆனாலும் வலையில் ரூத்தனா மீன்கள்,
பித்தளை நிறம், தடித்த உதடு.
"குடித்துவிட்டுத் தூங்குதுகள்" என்றான்.
பொய்யில்லை. சர்க்கரையைச் சாராயமாக்கிச்
செவுள் வழியே கசியவிட்டுத்தான்
அவை குளிர்காலத்தைத் தள்ளுகின்றன.

மூச்சில்லாமல் கிடப்பதைவிட
மூச்சு திரும்புவதுதான் ஆபத்து.
பனி உடையும் நாளில்
பசித்தவன் பந்தியில் புகுந்ததுபோல்
ஆக்சிஜன் கண்டதையெல்லாம் கடிக்கும்.
முதலில் மாட்டுவது சிஸ்டீன்,
புரதத்தின் ஓரத்தில்
கந்தகத்தை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அசடு.
ஓர் ஆக்சிஜன் ஒட்டினால் மீளலாம்.
இரண்டென்றால் சந்தேகம்.
மூன்றுக்குப் பிறகு அந்தக் கந்தகத்தை
யாராலும் வீட்டுக்கு அழைத்துவர முடியாது.

அதற்குள் குளுட்டாதயோன் முந்திக்கொள்கிறது.
மூன்றே மணி கோத்த சின்னச் சரடு.
தன் கந்தகத்தை அதன் கந்தகத்தின்மேல் வைத்துவிடுகிறது:
மழைக்குமுன் சைக்கிள் இருக்கைக்குப்
பிளாஸ்டிக் பை மாட்டுகிறோமே, அவ்வளவுதான்.
வேலை நின்றுபோகும். நிற்கட்டும்.
பிறகு குளுட்டாரெடாக்சின் வந்து பையை உருவும்;
புரதம் எதுவும் நடவாததுபோல் தொடரும்.

இது மார்கெத்தாவின் நம்பிக்கை.
காட்ட வேண்டியவள் நான்.
ஓய்லி. யோவென்சூ, மூன்றாம் தளம்,
ஜெல் ஓட்டுபவள், குடுவை கழுவுபவள்,
குளிர்பெட்டி அலறினால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடிவருபவள்.

மீனின் இதயம் பட்டாணி அளவு.
அரைத்து, மாதிரி எடுத்து, மின்சாரத்தில் ஓடவிட்டு,
படலத்தில் எதிர்ப்பொருள் பூசி
இருட்டறையில் காத்திருந்தால்
வெள்ளை.
மறுவாரமும் வெள்ளை.
ஜெர்மனியிலிருந்து புது எதிர்ப்பொருள், நானூறு யூரோ.
வெள்ளை.
ஜன்னலுக்கு வெளியே இருந்ததும் அதுவேதான்.
மார்கெத்தா மானிய அறிக்கையில்
'முதற்கட்ட முடிவுகள்' என்று தலைப்பிட்டு
அதன் கீழே ஒரு வாரமாக எதுவும் எழுதவில்லை.

ஒரு வியாழன், வீடு திரும்பும் பேருந்து.
பக்கத்து இருக்கைப் பையன் மூக்கைச் சுளித்து நகர்ந்தான்.
என் சட்டைக்கையில் அழுகிய முட்டை நாற்றம்.
மெர்காப்டோஎத்தனால்.
இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மாதிரியிலும்
ஒரு துளி விடுகிறேன்.
ஏன் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்:
கந்தகமும் கந்தகமும் கோத்த கையைப் பிரிக்க.
பிரிக்க.

என் நிறுத்தம் போனது. அடுத்ததும் போனது.
தேடிக்கொண்டிருந்த பிடியை நானே
ஆறு வாரமாக, கவனமாக, குழாய்க்கு ஒரு துளியென
அவிழ்த்துவிட்டுக்
காணோம் காணோம் என்றிருக்கிறேன்.
முப்பத்தெட்டு மீன்கள்.

காலையில் சொன்னேன்.
மார்கெத்தா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்;
கோப்பை வழிந்தும் ஊற்றினாள்.
"செய்முறைத் தாளில் அந்தத் துளியை எழுதியது நான்"
என்றாள், மேசையைத் துடைத்தபடி.
இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.
மீன்களைப் பற்றிப் பேசவில்லை.

தௌனோ கடைசியாக ஒருமுறை போனான்.
கரையோரம் பனி அழுகத் தொடங்கிவிட்டது,
இனிக் கூப்பிடாதே என்றான். பதினொரு மீன்.
திறந்த கந்தகங்களை முதலிலேயே அடைத்தேன்,
வழியில் யாரும் கை மாற்றிக்கொள்ளாதபடி.
பழக்கத்தில் கை புட்டியை நோக்கிப் போனது.
புட்டியை எடுத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளி, மாலை நாலு மணி.
நாற்பத்திரண்டு கிலோடால்டன் அருகே
புகைபோல ஒரு கோடு.
கீழே இன்னொன்று, அது கறையாகவும் இருக்கலாம்.
கடைசிப் பாதையில், ஒப்பிடுவதற்காக,
அதே மீன், அதே இதயம், துளியோடு:
வெள்ளை.
அந்த வெள்ளையைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

யாரையும் கூப்பிடவில்லை.
குறிப்பேட்டில் தேதி, ஜெல் எண்,
அதன் கீழே, பேனா ஒருமுறை மக்கர் செய்து,
துளி சேர்க்கவில்லை.